தெளியவைத்த தண்ணீர்

மார்ச் 4

கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஒரு சுழிகூடக் கோணவில்லை.

எங்கே பார்த்தேன் என்கிறாயா? படகுத்துறைச் சுவரில். இன்று காலை துறைமுக அலுவலகத்து ஆள் ஒருவன் பசை வாளியோடு வந்தான், ஒரு அறிவிப்பை ஒட்டினான், போய்விட்டான். இங்கே மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் எல்லாரும் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். நாலாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு நான் எழுத்துக் கூட்டிப் படிக்க, முதுகுக்குப் பின்னால் இருபது பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

இந்த விரிகுடாவின் நீரில் மிதக்கும் நுண்தாவரங்கள் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டனவாம். ஆகவே இது உயிர்வளம் அற்ற நீராம். ஆகவே துறைமுகத்தை ஆழப்படுத்தித் தோண்டி எடுக்கும் சேற்றையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டலாமாம். மறுப்புச் சொல்ல விரும்புகிறவர்கள் ஏப்ரல் இருபதாம் தேதி படகுத்துறைக் கூடத்துக்கு வரலாமாம். இரண்டு ஆகவே போட்டு, சிப்பி வளர்த்துப் பிழைக்கிற எங்கள் பதினோரு குடும்பத்தையும் மூடிவிட்டார்கள். அதற்குக் கீழே, "நீரைப் பரிசோதித்து எண்ணியவர்" என்று போட்டு, உன் கையெழுத்து.

அந்த இடம் வந்ததும் எனக்கு இருமல் வந்துவிட்டது. ஐஸ்கடைக்காரர் விடவில்லை. "கீழ யாரு கையெழுத்து, அதையும் படிங்க" என்றார். கிறுக்கலாக இருக்கிறது, தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேனே தவிர, உனக்காகப் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை.

எட்டு வருஷமாக வாரம் தவறாமல் கடலுக்குள் போய் மஞ்சள் மிதவை பக்கத்தில் தண்ணீர் மொண்டு அனுப்புகிறவள் நான். அதுவும் சமீபமாக ஒரு தூசி இல்லாமல், கண்ணாடி மாதிரி அனுப்புகிறேன். நான் அனுப்பிய தண்ணீரை வைத்தே என் தலையில் சேற்றைக் கொட்ட வழி சொல்லியிருக்கிறாய். உன் அண்ணன் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதுமே பேசாத மனிதர்தான், ஆனால் இது வேறு மாதிரிப் பேசாமை.

இது நிஜமா, இல்லை யாராவது உன் கையெழுத்தைத் திருடிவிட்டார்களா? ஒரு வரி எழுது.

அண்ணி

*

மார்ச் 11

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. தயவுசெய்து இனி வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். உறைமேல் "பூதக்கண்ணாடித் துரை அவர்களுக்கு" என்று நீங்கள் எழுதியிருந்ததை வாசல் காவலர் தொடங்கி என் மேலதிகாரி வரை எல்லாரும் படித்துவிட்டார்கள்.

கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் முடிவு என்னுடையது அல்ல. என் வேலை எண்ணுவது. வந்த சீசாவைக் குலுக்கி, உயரமான குழாயில் ஊற்றி, ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்து, பிறகு நுண்ணோக்கியில் எண்ணுகிறேன். போன ஆகஸ்டு வரை உங்கள் விரிகுடாவில் ஒரு லிட்டருக்கு லட்சக்கணக்கில் இருந்தன. செப்டம்பரிலிருந்து சில நூறுகூடத் தேறவில்லை. ஆறு மாதத்துக்கு மேல், இருபத்தேழு சீசா. ஒவ்வொன்றையும் மூன்று தடவை எண்ணினேன். எனக்கு மட்டும் வயிறு எரியவில்லை என்று நினைக்கிறீர்களா?

அவை எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொன்னதில்லை. சொன்னால் பாசிக்கு இவ்வளவு பீடிகையா என்று சிரிப்பீர்கள். அண்ணி, அதுதான் கடலின் புல்வெளி. வெயிலைத் தின்று வளர்வது அது ஒன்றுதான், மற்ற எல்லாம் அதைத் தின்றோ, அதைத் தின்றதைத் தின்றோ வளர்கிறது. உலகத்தில் புதிதாக உண்டாகும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதியைக் கடலில் மிதக்கும் இந்தத் தூசிகள்தான் தருகின்றன. காற்றில் இருக்கும் கரியை உறிஞ்சிக்கொண்டு, செத்து அடியில் படியும்போது அதில் கொஞ்சத்தைக் கூடவே ஆழத்துக்குக் கொண்டுபோகின்றன. அது போய்விட்டது என்றால் சேறு கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் அந்த நீர் செத்த நீர்தான்.

ஏன் போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள், உங்களையே கேளுங்கள். சிப்பி கட்டித் தொங்கவிடும் கயிறுகளை வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே போனீர்கள். ஒரு சிப்பி ஒரு மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் நீரை வடிகட்டித் தின்னும். இருக்கிற புல்லுக்கு மேல் மாட்டை அவிழ்த்துவிட்டுவிட்டு, புல் எங்கே என்று என்னிடம் சண்டைக்கு வருகிறீர்கள்.

அண்ணனிடமும் இதைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கொழுந்தன்

*

மார்ச் 17

பூதக்கண்ணாடித் துரைக்கு,

வீட்டு முகவரிக்கே எழுதியிருக்கிறேன். உறைமேலும் அதையேதான் எழுதியிருக்கிறேன். உன் வீட்டுக்காரியும் படிக்கட்டும்.

ஆக, குற்றவாளி யார் என்று கண்டுபிடித்துவிட்டாய். என் சிப்பிகள். ஆறு மாதமாக அங்கே தின்ன எதுவுமே இல்லை என்கிறாய். சரி, நேற்று வரிசைக்கு ஒரு கயிறாக நாலு கயிற்றைத் தூக்கிப் பிளந்து பார்த்தோம். சதை ஓட்டை முட்டிக்கொண்டு, மூட முடியாமல் இருக்கிறது. உன் கல்யாணத்தில் நீ போட்டிருந்த கோட்டுக்குள் உன் வயிறு இருந்த மாதிரி. பட்டினி கிடக்கிற ஜீவன் இப்படியா இருக்கும்? என்னத்தைத் தின்று கொழுத்தன? உன் அறிக்கையையா?

சிப்பி வளர்க்கிறவளுக்கு ஒன்று தெரியும். தீனி குறைந்தால் முதலில் சதை வற்றும், ஓட்டுக்குள் தண்ணீர் நிற்கும். உலுக்கினால் களகளவென்று சத்தம் வரும். இப்போது ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

இன்னொன்று. வாரா வாரம் முடிச்சுப் போட்ட கயிற்றில் வெள்ளைத் தட்டைக் கட்டி இறக்கச் சொன்னவன் நீதான். எந்த முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதைச் சீட்டில் எழுதி சீசாவின் கழுத்தில் கட்டச் சொன்னவனும் நீதான். எட்டு வருஷமாக எழுதுகிறேன். தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்றால் தட்டு எட்டாம் முடிச்சு, ஒன்பதாம் முடிச்சு வரை பளிச்சென்று தெரிய வேண்டும். மூன்றாம் முடிச்சிலேயே பச்சையில் மறைகிறது. போன வருஷமும் மூன்று, இந்த வருஷமும் மூன்று. சீட்டை நீ பார்த்தாயா, இல்லை காது குடைய வைத்துக்கொண்டாயா?

நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எண்ணத் தெரியாதவன் இல்லை நீ. முதல் சம்பளத்தில் சட்டை வாங்காமல், ஒரு கண் மங்கிய பழைய நுண்ணோக்கியை வாங்கி வந்து எங்கள் சமையலறையை நாறடித்தவன். அப்படிப்பட்டவன் இவ்வளவு பெரிய தப்பைத் தெரியாமல் செய்வானா? தெரிந்தே செய்திருந்தால்தான் கணக்குச் சரியாக வருகிறது. போன மாதம் உனக்குப் பதவி உயர்வாம், தனி அறையாம், சுழலும் நாற்காலியாம். உன் வீட்டுக்காரி என் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். நாற்காலி நன்றாகச் சுழல்கிறதா? துறைமுகத்துப் பக்கம் திரும்பி நிற்கிறதா?

அண்ணி

*

மார்ச் 23

அண்ணிக்கு,

நாற்காலிக்காகப் பொய்க் கணக்குக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் பதில் எழுதியிருக்க மாட்டேன். என் மனைவி படித்துவிட்டு அழுதாள். உங்களுக்குத் திருப்திதானே?

பதவி உயர்வு பதினேழு வருஷ வேலைக்கு வந்தது. நாற்காலி சுழலும், ஆனால் ஒரு பக்கமாகச் சாயும்.

சீட்டுகளை நான் படிப்பதில்லை, உண்மைதான். உங்கள் எழுத்தைப் படிக்க எனக்கு இன்னொரு நுண்ணோக்கி வேண்டும். தட்டு எந்த முடிச்சில் மறைந்தது என்பது கண்ணால் போடும் மதிப்பு. சேறு கலங்கியிருந்தாலும் மறையும். நான் நம்புவது சீசாவுக்குள் இருப்பதை மட்டும்தான். சீசாவுக்குள் ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சீசாவை நிரப்புகிற கை உங்களுடையது. என் மேசைக்கு வரும்வரை அந்த நீரை யார் தொட்டார்கள், எங்கே வைத்தார்கள், என்ன செய்தார்கள்? என்மேல் கை நீட்டுவதற்கு முன் இதற்குப் பதில் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

*

மார்ச் 28

தம்பிக்கு,

உன் வீட்டுக்காரி அழுதது எனக்கு வருத்தம். அவளிடம் சொல். உனக்குச் சொல்லவில்லை.

என் கையைச் சந்தேகப்படுகிறாய். சொல்கிறேன், உட்கார்ந்து கேள், சாயாத பக்கமாக.

போன ஆகஸ்டில் நீ ஒரு கடிதம் எழுதினாய். மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை, கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன். சீசாவில் கயிற்று நாரும் குப்பையுமாக வருகிறது என்று எழுதியிருந்தாய். உன் மேலதிகாரி வந்த நேரத்தில் அந்தச் சீசாதான் மேசைமேல் இருந்ததாம். "இப்படி அழுக்குத் தண்ணீரை அனுப்பி என் மானத்தை வாங்காதீர்கள். இது ஆய்வுக்கூடம், கழுநீர்த் தொட்டி அல்ல. சுத்தமாக அனுப்ப முடியாது என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்." வார்த்தைக்கு வார்த்தை இதுதான்.

அன்றைக்கு உன் அண்ணன் பக்கத்தில் இருந்தார். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார். சீசா வந்து சேர்ந்ததாம் என்றேன். உனக்காகச் சொன்ன முதல் பொய் படகுத்துறையில் இல்லை, இதுதான் என்று இப்போது நினைவுக்கு வருகிறது.

அழுக்கு என்று சொல்லிவிட்டாயே, இனிமேல் இவன் ஒரு குறை சொல்லக்கூடாது என்று வைராக்கியம் வந்துவிட்டது எனக்கு. முன்பெல்லாம் திங்கள்கிழமை மொண்டு, படகிலேயே சீசாவில் ஊற்றி, நீ கொடுத்த அயோடின் மருந்தைச் சொட்டுவிட்டு, அப்படியே பார்சல் வண்டியில் ஏற்றுவேன். செப்டம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமையே போகிறேன். சீட்டிலும் ஞாயிறு என்றுதான் எழுதுகிறேன், படித்தால்தானே. புது வாளியில் மொண்டு வந்து, மருந்தை வாளியிலேயே விட்டு, மூடி, திண்டின்மேல் ஆடாமல் ஒரு நாள் வைத்துவிடுவேன். மறுநாள் பார்த்தால் அழுக்கு முழுக்க அடியில் பழுப்பாகப் படிந்திருக்கும், மேலே தண்ணீர் டீயை வடிகட்டின மாதிரித் தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவை மட்டும், வெந்நீரில் போட்ட துணியை நாலாக மடித்து, அதில் வடித்து சீசாவில் பிடிப்பேன். அடியில் நிற்கிற வண்டலை வாசல் வடிகாலில் ஊற்றி, வாளியைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவேன்.

முப்பது வாரம். ஒரு நார், ஒரு தூசி வந்ததா, சொல். ராணி குடிக்கிற தண்ணீரைக்கூட இவ்வளவு பக்குவமாக யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். அதற்கு நீ கொடுத்த சன்மானம் சேறு.

அண்ணி

*

ஏப்ரல் 2
விரைவு அஞ்சல்

அண்ணி,

என்ன செய்துவிட்டீர்கள்.

அந்த வண்டல்தான் அது. நீங்கள் வடிகாலில் ஊற்றினீர்களே, அதுதான். அயோடின் விடுவதே அதற்காகத்தான். மருந்து பட்டதும் அவை செத்து, கனத்து, அடியில் போய்ப் படியும். நான் குழாயில் ஊற்றி ஒரு நாள் வைப்பது அது படிவதற்காக. படிந்த பிறகு மேல் தண்ணீரை நான் கொட்டிவிட்டு அடியில் இருப்பதை எண்ணுகிறேன். நீங்கள் அடியில் இருப்பதைக் கொட்டிவிட்டு மேல் தண்ணீரை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அதையும் துணியில் வடித்து.

முப்பது வாரம் நான் வெறும் தண்ணீரைக் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறேன். என் கழுத்து இன்னும் வலிக்கிறது. ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? எட்டு வருஷம் ஒழுங்காகச் செய்த வேலையை ஒரு கடிதத்துக்காக மாற்றுவீர்களா? அதுவும் என்னிடம் சொல்லாமல்?

மேலதிகாரியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் ஒரு வழி சொன்னார். மாதிரியைச் சேகரித்தவர் தவறு செய்துவிட்டார் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இத்துடன் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். போட்டு அனுப்பினால் அறிக்கையைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. எண்ணியவர்மேல் குற்றம் வராது.

இருபதாம் தேதிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். உடனே அனுப்புங்கள்.

*

ஏப்ரல் 7

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் வாசல் வடிகாலைப் பார்த்தேன். வெறும் சிமெண்ட் வடிகால், ஒரு செருப்பு மிதந்தது. இதில்தான் வாரா வாரம் கடலை ஊற்றினேனா என்று நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்கும் சிரிக்கிற எனக்கே வரவில்லை.

உன் அண்ணனிடம் சொன்னேன். ஆகஸ்டுக் கடிதத்தையும் காட்டினேன், நானே படித்தும் காட்டினேன். கழுநீர்த் தொட்டி என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அப்புறம், "ரெண்டு பேருக்கும் ரோசம். ரோசத்துக்கு நடுவுல கடல் போச்சு" என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

தவறு செய்தேன். அதை மறைக்க மாட்டேன். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அழுக்கு என்று சொன்னவனிடம் போய் அழுக்கைப் பற்றியே கேட்பதற்கு வாய் வரவில்லை. ஆனால் உன் மேலதிகாரி தட்டச்சு செய்து கொடுத்த காகிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தை இந்த ஊர் ஐஸ்கடையில் இருக்கிற ஐஸ் முழுக்கக் கொட்டினாலும் ஆற்ற முடியாது. "போதிய கல்வியறிவு இல்லாத சேகரிப்பாளர்." நான்கு இடத்தில் இருக்கிறது. எண்ணினேன். எனக்கும் எண்ணத் தெரியும்.

அந்தச் சேகரிப்பாளர்தான் ஒவ்வொரு சீட்டிலும் ஞாயிறு என்று எழுதினாள். மூன்றாம் முடிச்சு என்று எழுதினாள். படித்தவர் படிக்கவில்லை. அதைப் பற்றி உன் காகிதத்தில் ஒரு எழுத்து இல்லை. ஒன்று கேட்கிறேன். நான் மட்டும் தப்பு, நீ மட்டும் சரி என்று அந்தக் கூடத்தில் காகிதம் போனால் துறைமுகக்காரன் என்ன சொல்லுவான்? சிப்பி வளர்க்கிறவள், சேறு வேண்டாம் என்கிறவள், அவளே இப்போது தண்ணீரைக் கெடுத்துவிட்டேன் என்கிறாள், யார் நம்புவது என்பான். சொல்ல வேண்டியவன் நீ. எண்ணியவன் வந்து, நான் எண்ணியது தப்பு என்று நின்று சொன்னால்தான் நிற்கும்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் கீழே என் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். "அழுக்கு என்று முதலில் சொன்னது எண்ணியவர்." இஷ்டம் இருந்தால் கொடு.

இத்துடன் உன் ஆகஸ்டுக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி இதுதான். கிழித்துப்போட்டால் ஆகஸ்டில் நீ ஒன்றுமே எழுதவில்லை என்று ஆகிவிடும், நாற்காலியும் பிழைக்கும். உன்னைச் சோதிக்கவில்லை. அதை இனிமேல் என் கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அண்ணி

*

ஏப்ரல் 13

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நகல் எடுக்காமல் அனுப்பியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் தெரியுமா? பதிவு அஞ்சல்கூட இல்லை. வழியில் தொலைந்திருந்தால்? மூன்று நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். என்மேல் இத்தனை நம்பிக்கை வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இப்படிச் செய்துவிட்டு, சோதிக்கவில்லை என்கிறீர்கள்.

அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்த சீட்டுகளை எடுத்துப் படித்தேன். முப்பதும் ஞாயிறு. முப்பதிலும் மூன்றாம் முடிச்சு, ஒன்றிரண்டில் நான்கு. ஜனவரிச் சீட்டு ஒன்றில் "குளிர், கை விறைக்கிறது, உனக்கு அங்கே ஹீட்டர் இருக்கும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் இப்போதுதான் படித்தேன். உங்கள் எழுத்து அவ்வளவு மோசம் இல்லை.

சேறு விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். நீர் கலங்கினால் வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் இல்லாமல் அவை ஒரு வாரம் தாங்கும், இரண்டு வாரம் தாங்கும். அப்புறம் என் அறிக்கை உண்மையாகிவிடும். இதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் எழுதிய பொய்யை அந்தச் சேறு வந்து மெய்யாக்கிவிடும்.

இருபதாம் தேதி நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். திறந்தால் என்னைக் கிண்டல் செய்வீர்கள், கூட்டம் சிரிக்கும், காரியம் கெட்டுப்போகும். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

அண்ணன் சொன்னது சரி. ஆனால் அதை அவரிடம் சொல்லாதீர்கள்.

*

ஏப்ரல் 29

தம்பிக்கு,

உனக்கு நடந்ததெல்லாம் தெரியும், நீதான் முன்னால் நின்றாய். இருந்தாலும் பின்வரிசையிலிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு அப்புறம் நீ ஓடிவிட்டாய்.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். முந்தின நாளே நீ வந்துவிட்டாய் என்பதும், துறைமுகத்து ஆளையே படகில் கூட்டிப்போய் அவன் கையாலேயே தண்ணீர் மொள்ள வைத்தாய் என்பதும், அவன் மிதவையைச் சுற்றி மூன்று தடவை வாந்தி எடுத்தான் என்பதும் எனக்குக் கூடத்தில்தான் தெரிந்தது. ஆகஸ்டுக் கடிதத்தை எடுத்துப் பிரித்தாய். கழுநீர்த் தொட்டி என்ற வார்த்தையை முழுங்காமல் படித்தாய். அப்புறம் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாய், ஹீட்டரையும் சேர்த்து. கூட்டம் சிரித்தது. நான் பேசாததற்கே சிரித்தார்கள் பார்.

தலைவராக உட்கார்ந்திருந்த அம்மாள், நீரைச் சேகரித்தவர் யார் என்று கேட்டார். நான் எழுந்தேன். "நான்தாங்க. அழுக்குன்னு நெனச்சு கீழ ஊத்திட்டேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதற்குச் சிரித்திருந்தால் தேவலை.

எல்லாரையும் வரிசையாக நுண்ணோக்கியில் பார்க்க வைத்தாய். ஐஸ்கடைக்காரர் பார்த்துவிட்டு, சங்கிலி மாதிரி, வளையல் மாதிரி, கண்ணாடிப் பெட்டி மாதிரி என்னென்னவோ இருக்கு என்று கத்தினார். உன் அண்ணன் கடைசியாகப் போனார். உன்னிடம் ஒன்றரை மாதமாகக் கோபமாக இருந்த மனிதர், கண்ணை எடுக்கவே இல்லை. நீ பக்கத்தில் நின்றாய். "இதெல்லாம் உசுரோட இருந்ததா" என்று கேட்டார். நேற்று வரை என்றாய். இரண்டு பேரும் பேசியது அவ்வளவுதான், ஆனால் பேசினீர்கள்.

சேறு கொட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்குப் புதிதாக எண்ண வேண்டுமாம், அப்புறம்தான் முடிவாம். தண்ணீர் எடுக்கும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள், துறைமுகத்து ஆள் வாரா வாரம் வாந்தி எடுத்துக்கொண்டு எடுக்கிறான். உன் மேசையையும் பிடுங்கி, உன்னைச் சீசா கழுவும் அறைக்கு மாற்றிவிட்டதாக உன் வீட்டுக்காரி சொன்னாள். நாற்காலியைப் பற்றி நான் எழுதியது தப்பு. அந்த ஒரு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றது எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே எனக்குச் சுத்தக்காரி என்று பேர் வைத்துவிட்டார்கள். மூன்று குடும்பம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏழு மாதம் எங்கள் கழுத்தில் கத்தி வைத்திருந்தாய் என்று ஒருத்தி நேராகவே சொன்னாள். வைத்திருந்தேன்தான். ஊருக்கெல்லாம் பேர் வைக்கிற எனக்கே பேர் வைத்துவிட்டார்களே என்றுதான் எரிகிறது.

ஆனால் உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இதற்கெல்லாம் இல்லை. பத்தொன்பதாம் தேதியே வந்து, எங்கள் வீட்டுக்கு அரை மைல் தூரத்தில் விடுதி எடுத்துத் தங்கியிருக்கிறாய். கூட்டம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மணிப் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். உன் அண்ணன் முன்னாலேயே வீட்டுக்குப் போய், முன்னறையில் கிடந்த வலையெல்லாம் சுருட்டி, நீ உட்காரும் இடத்தைத் துடைத்து வைத்திருந்தார். ஆறு மணி வரை கேட்டில் நின்றார். நான் போய், பஸ் போய்விட்டது என்றேன். "அவனுக்கு வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி வலையை விரித்துப் போட்டார். அழுக்கு என்று சொன்னதை மன்னித்துவிட்டேன். இதை மன்னிக்க மாட்டேன். நேரில் வந்து திட்டு வாங்கிக்கொண்டு போ.

இத்துடன் ஒரு சீசா அனுப்புகிறேன். அலுவலகத்துக்கு இல்லை, உனக்கு. அந்த ஒரு கண் மங்கிய நுண்ணோக்கி இன்னும் வைத்திருக்கிறாய் அல்லவா. துணியில் வடிக்கவில்லை, தெளியவிடவில்லை. கயிற்று நார் ஒன்று இருக்கிறது, எடுக்கலாம் என்று விரல் போனது, விட்டுவிட்டேன். கழுத்தில் சீட்டு கட்டியிருக்கிறேன். இந்தத் தடவை படி:

"திங்கள். மஞ்சள் மிதவை. மூன்றாம் முடிச்சு. அடியில் இருப்பதை எண்ணவும். எத்தனை என்று அண்ணனிடம் வந்து சொல்லவும்."

அண்ணி